பிரேக் கிடையாது! நிறுத்தவும் முடியாது! ஒரே ஒரு மரையில் தொங்குது உயிர்!

சைக்கிள் ஓட்டத் தெரியாத ஆள் நம் ஊரில் உண்டா?

குரங்குப் பெடல் அடித்து, முட்டியைப் பெயர்த்துக்கொண்டு, வாடகை சைக்கிளுக்கு மணிக்கணக்குப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள்தானே நாமெல்லாம்!

ஆனால் இந்த சைக்கிளைக் கையில் கொடுத்தால் நம்மில் பலர் பத்து அடி தாண்ட மாட்டோம்.

மிதிப்பதைச் சட்டென்று நிறுத்தினால் ஆளையே தூக்கி எறியும். இறக்கத்தில் "அப்பாடா" என்று காலை ஓய்வாக வைக்க முடியாது. பிரேக் என்று ஒன்று கிடையவே கிடையாது!

அதுதான் "டிராக் சைக்கிள்". "வெலோட்ரோம்" என்று சொல்கிறார்களே, கிணற்றுச் சுவர் மாதிரி சாய்ந்த வளையப் பாதை, அதில் பந்தயம் விடுகிற சைக்கிள்.

வெளிநாட்டுச் சரக்கு என்றால் விலை லட்சக்கணக்கில். பெரம்பலூர், அரியலூர் பக்கத்துப் பையனுக்கு அது ஆகிற காரியமா?

ஆகாது. அதனால்தான் லேத் பட்டறை நினைப்பு வருகிறது.

வீட்டில் கிடக்கும் பழைய சைக்கிளில் ஹப், ஆக்சில், கிராங் இந்த மூன்றையும் மாற்றிவிட்டால் டிராக் சைக்கிள் ஆகிவிடாதா?

ஆகும். ஆனால் ஓர் இடத்தில் தப்புச் செய்தால் ஓட்டுகிறவன் திரும்பி வரமாட்டான். எந்த இடம் அது? விவரம் வருமாறு:

ரூ.5 ஆயிரம் பரிசு

பெரம்பலூரிலும் அரியலூரிலும் சைக்கிள் பந்தயம் புதிது இல்லை.

செப்டம்பர் 15 அண்ணா பிறந்த நாளையொட்டி, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் பள்ளி மாணவ, மாணவிகளுக்கு சைக்கிள் போட்டி நடத்தி வருகிறது. இந்த இரண்டு மாவட்டத்திலும் உண்டு.

13 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கு 15 கிலோ மீட்டர், பெண் பிள்ளைகளுக்கு 10 கிலோ மீட்டர். 15 வயது, 17 வயதுப் பிரிவுகளில் பையன்களுக்கு 20, பெண்களுக்கு 15. முதல் பரிசு ரூ.5 ஆயிரம், இரண்டாவது ரூ.3 ஆயிரம், மூன்றாவது ரூ.2 ஆயிரம். பத்தாவதாக வந்தால்கூட ரூ.250 உண்டு.

கியர் சைக்கிள் கூடாது. இந்தியாவில் தயாரான சாதாரண சைக்கிள்தான் இதற்குக் கணக்கு.

சாதாரண சைக்கிளுக்கா பஞ்சம்? 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்த இலவச சைக்கிள் திட்டம், 2005-06 முதல் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 11-ம் வகுப்பு படிக்கும் எல்லா மாணவ, மாணவிகளுக்கும் வந்துவிட்டது. கிராமத்துக்குக் கிராமம் வீட்டு வாசலில் சைக்கிள் நிற்கிறது.

ஆனால் இந்த ரோட்டுப் பந்தயத்தில் ஜெயித்த பையன் அடுத்து எங்கே போவான்? அங்கேதான் வெலோட்ரோம் குறுக்கே வருகிறது.

வண்டலூர் பக்கம் மேலக்கோட்டையூரில், தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்தில் வெலோட்ரோம் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியின் சைக்கிள் பந்தயங்கள் அங்கேதான் நடந்தன. அரியலூரில் ரயில் ஏறினால் தாம்பரம். அங்கிருந்து பஸ். தூரம் ஒரு பொருட்டல்ல.

அங்கே போனதும் பையனிடம் கேட்கும் முதல் கேள்வி: "பிக்சட் ஓட்டிப் பழக்கம் உண்டா?"

"பிக்சட்" என்றால்?

நம் சைக்கிளில் பின் வீலில் "பிரீவீல்" இருக்கிறது. மிதிக்காமல் இருந்தாலும் "கிர்ர்ர்" என்று சத்தம் போட்டுக்கொண்டு வீல் தன்பாட்டில் ஓடும்.

டிராக் சைக்கிளில் அந்த பிரீவீலே கிடையாது. பல்சக்கரம் ஹப்போடு கெட்டியாகப் பிடித்திருக்கும். வீல் சுற்றினால் பெடலும் சுற்றியே ஆக வேண்டும். பெடலைப் பின்னால் அழுத்தினால் வீல் வேகம் குறையும். அதுவே பிரேக்!

இது ஏதோ புதுமை என்று நினைக்காதீர்கள். 1900-க்கு முன்பு ஓடிய சைக்கிள்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். பிரீவீல்தான் பிறகு வந்த சொகுசு.

பால்காரர் சைக்கிளுக்கு வந்த யோகம்!

இனி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். பெயர் எல்லாம் வேண்டாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சைக்கிள் கடை. பக்கத்துக் கடை லேத் பட்டறை. தாத்தா ஓட்டிய கறுப்பு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பையன் வருகிறான்.

"அண்ணே, இத டிராக் சைக்கிளா மாத்தணும்."

"எத, இந்த இருவது கிலோ இரும்பையா? ஏன் தம்பி, காயலான் கடைக்குப் போட்டா டீச் செலவுக்காவது ஆகுமே!"

அண்ணன் சிரிக்கலாம். ஆனால் பையன் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

கியர் சைக்கிளைவிட அந்தக் கறுப்பு சைக்கிள்தான் டிராக் சைக்கிளுக்குச் சொந்தக்காரன்!

எப்படி? பின் வீல் மாட்டும் காடி பின்பக்கமாகத் திறந்திருக்கும். வீலைப் பின்னால் இழுத்து செயினை இறுக்கலாம். டிராக் சைக்கிளிலும் அதே காடிதான். கியர் சைக்கிளில் காடி கீழ்நோக்கி இருக்கும், இழுக்க இடம் இல்லை. இழுக்க முடியாவிட்டால் செயின் தொங்கும். பிக்சட் சைக்கிளில் தொங்குகிற செயின் கழன்றால் வீல் பூட்டிக்கொள்ளும்!

அடுத்தது ஆக்சில். கறுப்பு சைக்கிளில் கெட்டி ஆக்சில், இரண்டு பக்கமும் நட்டு. டிராக்கிலும் அப்படியே. செயினும் அதே அரை அங்குல, எட்டில் ஒரு அங்குல அகலச் செயின். ஒரே பல்சக்கரம்.

1949-ல் சென்னையில் ஆரம்பித்து, அம்பத்தூரில் இருந்து ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்று இறக்கிக் கொண்டிருந்த டி.ஐ. சைக்கிள்ஸ் ஆகட்டும், 2020 ஜூன் 3 அன்று, அதுவும் உலக சைக்கிள் தினத்தன்று, சாகிபாபாத் ஆலையை மூடிய அட்லஸ் ஆகட்டும், அந்தக் காலத்துக் கறுப்பு சைக்கிள்கள் எல்லாம் இங்கிலீஷ் மாடல். மரை அளவுகூட இங்கிலீஷ் கணக்கு. இதை ஞாபகம் வையுங்கள். பின்னால் இதில்தான் வம்பு வருகிறது.

மரை கழன்ற ஹப்

இப்போது அந்த ஆபத்தான இடத்துக்கு வருவோம்.

பின் ஹப்பில் பிரீவீல் ஏறுகிற மரையின் விட்டம் 1.37 அங்குலம். அங்குலத்துக்கு 24 மரை. டிராக் பல்சக்கரத்தின் மரையும் அதே அளவு!

அதனால் என்ன ஆகிறது? பிரீவீலைக் கழற்றிவிட்டு, டிராக் பல்சக்கரத்தை அதே இடத்தில் சுற்றினால் சிக்கென்று ஏறிக்கொள்கிறது. மிதித்தால் ஓடுகிறது. "வேலை முடிஞ்சுது" என்று பையனுக்கு ஒரே சந்தோஷம்.

வேலை முடியவில்லை. இனிமேல்தான் ஆரம்பம்.

முன்னால் மிதிக்கும்போது பல்சக்கரம் மரையில் இறுகும். சரி. வேகத்தைக் குறைக்கப் பெடலைப் பின்னால் அழுத்தினால்? அதே மரையில் கழல ஆரம்பிக்கும்!

குறுக்கே மாடு வருகிறது. பையன் பலம் முழுவதும் போட்டுப் பின்னால் அழுத்துகிறான். பல்சக்கரம் சர்ரென்று கழல்கிறது. கால் வெற்றாய்ச் சுற்றுகிறது. சைக்கிள் போய்க்கொண்டே இருக்கிறது. பிரேக்கும் இல்லை. அப்புறம்?

வெளிநாட்டு சைக்கிள்காரர்கள் இந்த ஹப்புக்கு வைத்திருக்கும் பெயரே "தற்கொலை ஹப்"!

நம் ஊரில் கோளாறு பிடித்த ஆளை "மரை கழன்ற கேஸ்" என்போமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

உண்மையான டிராக் ஹப்பில் என்ன இருக்கிறது? இரண்டு படி. உள்படியில் வலது மரை, அதில் பல்சக்கரம். வெளிப்படி கொஞ்சம் சின்னது, 1.29 அங்குலம், அதில் இடது மரை. அந்த இடது மரையில் ஒரு பூட்டு வளையம் ஏறி, பல்சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும்.

பல்சக்கரம் கழலப் பார்த்தால் பூட்டு வளையத்தையும் சேர்த்துச் சுற்றும். ஆனால் அது இடது மரை ஆச்சே! அந்தப் பக்கம் சுற்றினால் அது இறுகும். கழலப் பார்க்கிறவனே தன் கழுத்தை இறுக்கிக்கொள்கிறான்.

இது சைக்கிள் கடைப் பையன்களுக்குப் புரியாத விஷயமா? இடது பெடலை ஏன் எதிர்ப்பக்கம் சுற்றிக் கழற்றுகிறோம்? அதே தந்திரம்தான்.

வெல்டிங் வைத்தால் போச்சு!

குறுக்கு வழிகள் நிறைய உண்டு. எல்லாம் பட்டறைக்குப் பட்டறை தோன்றுகிறவைதான்.

ஒன்று, பி.பி. கப்பின் பூட்டு வளையத்தைப் பல்சக்கரத்துக்கு மேல் இறுக்குவது. அதுவும் 1.37 அங்குலம், 24 மரை. அழகாகப் பொருந்தும். ஆனால் அதுவும் வலது மரைதானே? இரண்டும் சேர்ந்து ஒன்றாகக் கழலும். திருடனுக்குத் துணை திருடன்!

இன்னொன்று, மரையில் ஒட்டு மருந்து ஊற்றி இறுக்குவது. பிடிக்கும். எத்தனை நாளைக்கு? யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை நம்பி பிரேக் இல்லாத சைக்கிளில் ஏறலாமா?

மூன்றாவதுதான் மகா மோசம். பிரீவீலுக்குள் வெல்டிங் வைத்துக் கெட்டியாக்குவது. சூட்டில் இரும்பின் பதம் போய்விடும், பல் தேயும். அது போகட்டும். பிரீவீல் கெட்டியானாலும் ஹப்பில் அது ஏறியிருப்பது அதே வலது மரையில்தானே! கழலும் ஆபத்து அப்படியே இருக்கிறது. வெல்டிங் கூலிதான் தண்டம்.

"அண்ணே, லேத்துல போட்டு இடது மரை வெட்டிர்லாம்ல?"

"எங்கடா வெட்றது? உள்ள சதை இருந்தாத்தானே வெட்ட முடியும்!"

சரியான பதில். சாதாரண ஹப்பில் பல்சக்கரம் உட்கார்ந்தது போக மிச்சம் இருக்கும் மரைப் பகுதி மிகக் குறைவு. அதில் ஒரு படி இறக்கி இடது மரை போட்டால் பூட்டு வளையம் பிடிப்பதற்குப் போதிய மரை இருக்காது. எவ்வளவு கைதேர்ந்த டர்னராக இருந்தாலும் இல்லாத இரும்பில் மரை போட முடியாதே!

ஆறு போல்ட் வைத்தியம்

அப்படியானால் பட்டறையில் செய்யவே முடியாதா? ஒரு நல்ல வழி இருக்கிறது.

இப்போது டிஸ்க் பிரேக் வைத்த சைக்கிள்கள் எங்கே பார்த்தாலும் ஓடுகின்றன. அந்த ஹப்பின் இடது பக்கத்தில் டிஸ்க் தகட்டைப் பிடிக்க ஆறு போல்ட் ஓட்டைகள் இருக்கும். ஓட்டைகள் உட்கார்ந்திருக்கும் வட்டத்தின் விட்டம் 44 மில்லி மீட்டர்.

அந்த வீலைத் திருப்பிப் போட்டால் டிஸ்க் பக்கம் வலப்பக்கம் வந்துவிடும். பல்சக்கரத்தில் அதே அளவுக்கு ஆறு ஓட்டை போட்டு, ஆறு போல்ட் கொடுத்து முடுக்கினால் தீர்ந்தது. மரையே இல்லை. கழலுவதற்கு என்ன இருக்கிறது?

வெளிநாட்டில் இதற்கென்றே ஆறு ஓட்டைப் பல்சக்கரம் விற்கிறார்கள். நம் லேத்காரர்களுக்கு இது பெரிய வித்தை இல்லை. ஆனால் ஓட்டை அரை மில்லி தவறினாலும் பல்சக்கரம் கோணலாகச் சுற்றும். ஒரு சுற்றில் செயின் இறுகும், தளரும், இறுகும், தளரும். அது கூடாது.

முன்னால் இருக்கும் செயின் வீலும் பின் பல்சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கவேண்டும் என்பது அடுத்த நிபந்தனை. பின்னால் நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தாலே தெரியும். டிஸ்க் ஹப்பில் பல்சக்கரம் கொஞ்சம் வெளியே தள்ளி உட்காரும். அதற்குத் தக்கபடி பி.பி. ஆக்சிலை நீளமாகப் போட வேண்டிவரும்.

என்னைக் கேட்டால், ஹப்பை மட்டும் காசு கொடுத்து வாங்கிவிடுவது நல்லது. முழு சைக்கிளின் விலையில் அது சின்னப் பங்கு. உயிரைப் பிடித்திருக்கும் மரை அதில் இருக்கிறது. மற்ற வேலைகளைப் பட்டறையில் பார்த்துக்கொள்ளலாம்.

அதிலும் ஒரு கணக்கு உண்டு. நம் கறுப்பு சைக்கிளில் பின் ரிம்முக்கு 40 ஓட்டை, முன் ரிம்முக்கு 32. டிராக் ஹப் 40 ஓட்டையில் தேடினால் கிடைக்காது. 32 ஓட்டை ஹப் வாங்கி, இன்னொரு முன் ரிம் எடுத்துப் பின்பக்கத்துக்குக் கம்பி கட்டிவிட்டால் கச்சிதம்!

ஒரே மாதிரி இருக்கும், ஒன்று இல்லை!

அடுத்து ஆக்சில். இங்கிலீஷ் மரை என்று சொன்னேனே, அந்த வம்பு இங்கேதான்.

நம் சைக்கிளின் பின் ஆக்சில் எட்டில் மூன்று அங்குலம். அதாவது 9½ மில்லி மீட்டர் சொச்சம். அங்குலத்துக்கு 26 மரை. டிராக் ஹப்பின் ஆக்சில் 10 மில்லி மீட்டர், ஒரு மில்லிக்கு ஒரு மரை. அங்குலத்தில் சொன்னால் 25½-க்குக் கொஞ்சம் குறைவு.

26-க்கும் 25½-க்கும் கண்ணால் வித்தியாசம் தெரியுமா? தெரியாது. 10 மில்லி நட்டு நம் ஆக்சிலில் லொடலொடவென்று ஏறும். "ஏறிடுச்சே" என்று ஸ்பேனர் போட்டு இறுக்கினால் மரை வழித்துக்கொண்டு வரும். அங்கேயே வந்தால் நல்லது. நாற்பது கிலோ மீட்டர் வேகத்தில் வந்தால் வீல் தனி, ஆள் தனி!

டப்பாவில் கிடக்கும் பழைய நட்டுகளைக் கலந்து போடாதீர்கள். ஆக்சில் எந்த இனமோ நட்டும் அதே இனம்.

10 மில்லி ஆக்சில் நம் காடியில் நுழையாது. அரை மில்லி அரம் போடலாம். தப்பில்லை. ஆக்சிலைத் தேய்த்துச் சின்னதாக்குவதுதான் தப்பு.

டிராக் பின் ஹப்பின் அகலம் 120 மில்லி. பழைய ரோடு பந்தய சைக்கிளில் 126, பிறகு வந்தவற்றில் 130. கியர் சைக்கிளின் ஹப்பை டிராக் சட்டத்தில் போட வேண்டும் என்றால் வாஷரை எடுத்து, ஆக்சிலை நறுக்கி, கம்பிகளை மறுபடி இழுத்து ரிம்மை நடுவுக்குக் கொண்டு வர வேண்டும். பெண்டு எடுக்கத் தெரிந்தவருக்கு அரை நாள் வேலை.

கோன் இறுக்கத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. முன்னாலும் பின்னாலும் மாறி மாறி இழுபடும் ஹப் இது. பூட்டு நட்டு சரியாக விழாவிட்டால் கோன் தானாகத் திரும்பி குண்டுகளை அரைத்துவிடும்.

கிராங்கை வெட்டலாமா?

சாதாரண சைக்கிளில் வளைவில் திரும்பும்போது உள்பக்கப் பெடலை மேலே தூக்கி வைத்துக்கொள்கிறோம். டிராக் சைக்கிளில் அது நடக்காது. பெடல் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். நீளமான கிராங் என்றால் சாய்ந்த தரையில் பெடல் இடித்து ஆள் கவிழ்வான்.

அதனால் டிராக்கில் கிராங் குட்டை. 165 மில்லி மீட்டர் சாதாரணமாகப் போடும் அளவு. கையில் இருப்பது நீளம் என்றால், பழைய ஓட்டையோடு முட்டாத அளவுக்கு உள்ளே தள்ளிப் புது ஓட்டை போட்டு மரை வெட்டுவது உண்டு. பெடல் மரை 16-ல் 9 அங்குலம், 20 மரை. இடது கிராங்குக்கு இடது மரை டேப். அந்த டேப் எல்லாப் பட்டறையிலும் இருக்காது. இல்லை என்று வலது மரை போட்டுவிட்டால் பெடல் நடுவழியில் கழன்று விழும்.

கெட்டி கிராங்காக, ஓட்டை விழும் இடத்தில் தடிமன் இருந்தால் மட்டும் இந்த வேலை. மெல்லிசு என்றால் விட்டுவிடுங்கள். நின்று மிதிக்கும்போது கிராங் முறிந்தால் முகம்தான் முதலில் தரைக்கு வரும்.

கறுப்பு சைக்கிளில் காட்டர் பின் கிராங். அதில் இன்னொரு சங்கதி. முன்னும் பின்னும் அழுத்துவதால் பின் சீக்கிரம் தேய்ந்து "டக், டக்" என்று ஆட்டம் கொடுக்கும். பின்னை அரம் போட்டு ஏனோதானோ என்று அடித்து இறக்கக்கூடாது. கிராங்குகளைப் படுக்கை வசத்தில் நிறுத்தினால் ஒரு பின் மேலிருந்து இறங்கவேண்டும், மற்றது கீழிருந்து ஏறவேண்டும். இரண்டையும் ஒரே பக்கமாக அடித்தால் கிராங்குகள் நேர்கோட்டில் நிற்காது. காலும் இடுப்பும் வலிக்கும்போது டாக்டரைப் பார்ப்பார்கள். தப்பு பின்னில் இருக்கும்!

பல் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால் ஒரு மிதிக்கு சுமார் 5½ மீட்டர். நிமிஷத்துக்கு 100 மிதி போட்டால் மணிக்கு 33 கிலோ மீட்டர். டிராக்கில் 49-க்கு 14 வைத்தால் ஒரு மிதிக்கு 7 மீட்டருக்கு மேல். அதே 100 மிதிக்கு 44 கிலோ மீட்டர்! கறுப்பு சைக்கிளில் செயின் வீல் கிராங்கோடு ஒட்டியே வருவதால் முன்பக்கம் மாற்ற வழி இல்லை. பின்னால் 16 பல் போட்டுப் பழகினால் போதும், 37 கிலோ மீட்டர் கிடைக்கும். கற்றுக்குட்டிக்கு அதுவே அதிகம்.

வாஷிங் மெஷின் குண்டு!

பட்டறையில் தட்டிக் கொட்டிய சைக்கிள் எங்கே ஜெயிக்கப் போகிறது என்று கேலி செய்கிறவர்களுக்கு ஒரு சேதி.

கிரேம் ஓப்ரி. ஸ்காட்லாந்துக்காரர். சொந்தக் கையாலேயே சைக்கிள் கட்டியவர். இரண்டு பெடலுக்கும் நடுவே அகலம் குறைய வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்குத் தோதான குண்டு பேரிங் கடையில் கிடைக்கவில்லை. என்ன செய்தார்? வாஷிங் மெஷினில் இருந்து பேரிங்கை எடுத்து மாட்டினார்!

1993 ஜூலை 17. நார்வே நாட்டில் ஹாமர் என்ற ஊர். அந்த சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோ மீட்டர் ஓட்டி உலக சாதனை! இத்தாலிக்காரர் மோசர் 1984-ல் வைத்த 51.151 கிலோ மீட்டர் சாதனை தகர்ந்தது. ஆறே நாளில் இங்கிலாந்தின் போர்டுமேன் அதை முறியடித்தார். அடுத்த வருஷம் ஏப்ரலில் ஓப்ரி மறுபடியும் பிடித்தார். அப்புறம் அவர் கையை மடக்கி உட்காரும் முறையையே உலக சங்கம் தடை செய்துவிட்டது. அது வேறு கதை.

நம் நாட்டில் மட்டும் என்ன? அந்தமானில் இருந்து வந்த ஏசோ ஆல்பென், 2018-ல் சுவிட்சர்லாந்தில் ஏய்கல் நகரில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில் "கெய்ரின்" பந்தயத்தில் வெள்ளி வாங்கினார். கார் நிகோபாரைச் சேர்ந்த டெபோரா ஹெரால்டு, 2004 சுனாமியில் சின்னப் பெண்ணாக உயிர் தப்பியவர், டிராக் பந்தயத்தில் இந்தியாவுக்கே பெயர் வாங்கித் தந்தார். பெரிய ஊரில் பிறந்தால்தான் டிராக் ஓட்ட முடியும் என்பது பொய்.

அந்தக் கெய்ரின் பந்தயத்தின் தாயகம் ஜப்பான். 1948-ல் கொக்குரா நகரில் ஆரம்பம். குதிரைப் பந்தயம் மாதிரி பணம் கட்டி ஆடுவார்கள். அங்கே ஹப், ஆக்சில், கிராங் ஒவ்வொன்றிலும் அங்கீகார முத்திரை இருந்தால்தான் மைதானத்துக்குள் விடுவார்கள். ஒரு சாமான் உடைந்தால் ஒருத்தன் மட்டுமா விழுவான்? பின்னால் வருகிறவர்களும் சேர்ந்து விழுவார்கள்.

ரோட்டுக்கு வந்தால்?

மைதானத்தில் எதிரே லாரி வராது. அரியலூர் ரோட்டில் வரும்!

சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்டு லாரியும் வரிசை கட்டிப் போகிற மாவட்டம் அது. பெரம்பலூரைத் தொட்டால் சென்னை-திருச்சி நெடுஞ்சாலை. அங்கே பிரேக் இல்லாத சைக்கிளா?

லண்டனில் 2016 பிப்ரவரியில் முன் பிரேக் இல்லாத டிராக் சைக்கிளில் நடுரோட்டில் வந்த ஒரு வாலிபர், ரோட்டைக் கடந்த பெண் மீது மோதினார். அந்தப் பெண் இறந்துபோனார். வாலிபருக்கு 2017-ல் 18 மாதம் சிறை.

ஆகவே மைதானத்துக்குப் போகும்வரை முன் பிரேக் சைக்கிளில் இருந்தே தீரவேண்டும். கறுப்பு சைக்கிளில் முன் வீலுக்குக் கம்பி பிரேக் இருக்கிறதே, அது போதும். கட்டை தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

வேட்டி, துப்பட்டா, தாவணி எதுவும் செயின் பக்கம் போகக்கூடாது. பிரீவீல் சைக்கிளில் துணி மாட்டினால் மிதிப்பதை நிறுத்தி எடுத்துவிடலாம். இதில் வீல் ஓடும்வரை செயினும் ஓடும், துணியோடு காலையும் இழுக்கும். வீலைச் சுற்றிவிட்டுத் துணியால் செயினைத் துடைக்கும் பழக்கம் கடைப் பையன்களுக்கு உண்டு. பிக்சட் சைக்கிளில் அப்படிச் செய்து விரல் நுனியை இழந்தவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். நின்றபடி, ஒவ்வொரு கண்ணியாகத் துடைக்க வேண்டும்.

முதல் ஓட்டம் காலி மைதானத்தில். மெதுவாக. நிறுத்த நினைத்தால் காலை நிறுத்தாதே, வேகத்தைக் குறை. ஒரு வாரம் இப்படி ஓட்டினால் கால் தானாகப் படிந்துவிடும்.

மறுபடி அந்தப் பட்டறை வாசலுக்கு வாருங்கள். ஹப் மாற்றியாகிவிட்டது. பூட்டு வளையம் இடது மரையில் இறுகிவிட்டது. பையன் ஏறி உட்காருகிறான்.

"அண்ணே, முன் பிரேக்கையும் கழட்டிட்டா பாக்க நல்லாருக்கும்ல?"

"கழட்டித் தரேன். உங்கப்பாவ ஒரு தடவ இங்க வரச் சொல்லு."

பையன் பிரேக்கோடு போகிறான்.